வகுப்பறையில் உரையாடல்: வேற்றுமைகளும் கல்லூரி ஆசிரியரின் கடமையும்

பிரச்சினை

தெருவும் கோயிலும் கல்யாண வீடும் சுடுகாடும் பெரும்பாலும் குலவாரியாகவே வகுக்கப்பட்டிருக்கிற நம் சமுதாயத்தில், பிறப்பாலும் பொருள்நிலையாலும் மதத்தாலும் பள்ளியில் பயின்ற மொழியாலும் வேறுபட்ட அறுபது எழுபது இளைஞர்கள் மூன்று வருஷ காலம் ஒரே கூரையின்கீழ் அருகருகே அமர நேரிடும் இடம் ஒன்றைத் தேடிப் புறப்பட்டால், கலை அறிவியல் கல்லூரியின் வகுப்பறையைத் தவிர வேறொன்று அகப்படுவது அரிது. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, 18 முதல் 23 வரையிலான வயதினரை அளவாகக் கொண்டு கணித்த மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 சதவீதமாக இருக்கையில், தமிழ்நாட்டில் 47 சதவீதமாக இருந்தது. 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்ற சட்டத்தின் துணையோடு நிலைபெற்றிருக்கும் 69 சதவீத இடஒதுக்கீட்டையும் இதனோடு சேர்த்து நோக்கினால், நம் வகுப்பறையின் பன்மை தற்செயலாக விளைந்ததன்று என்பதும், ஒரு நூற்றாண்டுக் கால அரசியல் முயற்சியின் பயன் அது என்பதும் விளங்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கப்பட்ட இம்மாணவர்கள் ஒருவரோடொருவர் உண்மையில் பேசுகின்றனரா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. ஒரே பெஞ்சில் அமர்ந்தும் ஒரே பஸ்ஸில் பயணஞ்செய்தும் இருப்பவர்கள், இடஒதுக்கீடு, மதமாற்றம், கலப்பு மணம் போன்ற விஷயங்கள் பாடத்தினூடே தலைகாட்டும் கணத்தில் மௌனமாகிவிடுவதையும், அந்த மௌனத்தைக் கட்டுப்பாடு என்று எண்ணி ஆசிரியர் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுவதையும் கல்லூரிகளோடு பழக்கமுடையோர் அறிவர். மௌனம் வகுப்புக்குள் மட்டுமே நிலவுகிறது; வெளியில் கைபேசிக் குழுக்களிலும் விடுதி வராந்தாவிலும் இதே விஷயங்கள் தத்தம் கூட்டத்தாருக்குள் தடையின்றிப் பேசப்படுகின்றன. ஆகவே, பேச்சு இருக்கிறது. அது வேற்றுமையைத் தாண்டிச் செல்லவில்லை. தாண்டச் செய்வதில் ஆசிரியருக்கு உள்ள பங்கு யாது, அவரிடம் எதிர்பார்க்கத் தகாதது யாது என்பவற்றைச் சான்றுகளோடு ஆராய்வோம்.

சேர்ந்திருத்தல் போதுமா?

வேறுபட்டோர் ஒன்றாக இருந்தால் வேற்றுமை தானே தேய்ந்துவிடும் என்பது நல்லெண்ணமுடைய ஆசிரியர் பலரின் நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு ஆராய்ச்சி உலகில் உருவம் கொடுத்தவர் அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட். 1954இல் வெளிவந்த அவருடைய நூலை ஊன்றிப் படித்தவர்கள், வெறும் சேர்க்கையை அவர் ஒருபோதும் மருந்தாகச் சொல்லவில்லை என்பதை அறிவார்கள். சேர்க்கை பயன்தர வேண்டுமானால் சேருவோர் அவ்விடத்தில் சமநிலை பெற்றிருக்க வேண்டும், பொது நோக்கம் ஒன்று வேண்டும், அந்நோக்கத்துக்காக ஒத்துழைக்கும் நிலை வேண்டும், அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவும் வேண்டும் என்று நிபந்தனை விதித்தே அவர் பேசினார். நிபந்தனைகள் மறக்கப்பட்டு நம்பிக்கை மட்டும் பரவியது.

பெட்டிகுரூ, ட்ராப் என்னும் இருவர் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சேர்க்கை பொதுவாகக் காழ்ப்பைக் குறைக்கிறது என்று முடிவு கூறினர். ஆனால் 2019இல் எலிசபெத் பாலக்கும் துணைவரும், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சில காலம் கழித்து விளைவை அளந்த ஆய்வுகளை மட்டும் தேர்ந்தபோது 27 ஆய்வுகளே எஞ்சின. அவற்றிலும் இன வேற்றுமை குறித்தவற்றில் பயன் மெலிதாகவே காணப்பட்டது. முன்னவர் தரும் ஊக்கத்தைவிடப் பின்னவர் தரும் எச்சரிக்கையே ஆசிரியருக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த இரண்டு ஆய்வுகள் இவ்விடத்தில் விசேஷ கவனத்துக்கு உரியவை. தில்லியின் செல்வர் பள்ளிகள் ஏழை மாணவருக்கு இடமளிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் விளைவை ஆராய்ந்த கௌதம் ராவ், ஏழை மாணவரோடு பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கொடைக் குணம் மிகுந்தும் பாகுபாடு குறைந்தும் விளங்கியதைக் கண்டார். அதைவிட முக்கியமாக, ஒரே வகுப்பில் இருந்ததனினும் ஒரே படிப்புக் குழுவில் சேர்ந்து வேலைசெய்ததே இம்மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது என்பதையும் காட்டினார். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் பல சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்திப் பார்த்த மேத்யூ லோ, பிற சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு வளர்ந்ததையும், பிற சாதியாரை எதிரணியில் சந்தித்தவர்களிடம் அது பொதுவாகக் குறைந்ததையும் பதிவு செய்தார். சேர்க்கை என்ற ஒரே சொல்லுக்குள் இரு நேர்மாறான விளைவுகள் அடங்கியிருக்கின்றன. எது நிகழும் என்பதை அமைப்பே தீர்மானிக்கிறது.

இதற்கு ஆராய்ச்சிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டுவதுமில்லை. தேச சேவையையே லட்சியமாகக் கொண்டு வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பல சாதிப் பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றும், பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்ற விவகாரம் 1920களில் மூண்டு, தமிழ்நாட்டுக் காங்கிரஸையே பிளந்த கதை நாமறிந்ததே. பாடத்தில் சமமாகவும் பந்தியில் வேறாகவும் இருந்தவர்கள் எதை நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு வரலாறே சாட்சி.

வாதமும் ஜல்பமும்

சேர்ந்து வேலைசெய்வது ஒருபுறமிருக்க, கருத்து மாறுபடும் விஷயத்தைச் சேர்ந்து பேசுவது எவ்வாறு? நம் கல்லூரிகள் அறிந்த ஒரே வடிவம் பட்டிமன்றம். மணிமேகலையின் விழாவறை காதையிலேயே பட்டிமண்டபம் குறிக்கப்படுகிறது. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்ட வரலாறும் அதே காப்பியத்தில் உண்டு. ஆகவே மாறுபட்ட கருத்துகளைக் கூடிக் கேட்பது நமக்குப் புதிதன்று. எனினும் இன்று கல்லூரி விழாக்களில் நாம் காணும் பட்டிமன்றம், இரண்டணி, ஒரு நடுவர், கைதட்டல், இறுதியில் தீர்ப்பு என்ற அமைப்பினால், கேட்பதைவிட மடக்குவதையே பயிற்றுவிக்கிறது. எதிரணி நல்ல நியாயம் ஒன்றைச் சொன்னால், அதனை ஏற்பது தோல்வி என்றாகிவிடுகிறது. லோ அவர்களின் ஆய்வில் எதிரணியாகச் சந்தித்தவர்களுக்கு நேர்ந்தது இங்கும் நேரக்கூடும்.

நியாய சாஸ்திரத்தார் இந்த அபாயத்தை நன்கறிந்திருந்தனர். உண்மையைத் தெளிவதற்காக நிகழ்வது வாதம், வெற்றிக்காக நிகழ்வது ஜல்பம், தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாமல் பிறர் கொள்கையைக் கண்டிப்பதொன்றே தொழிலாகக் கொண்டது விதண்டை என மூன்றாகப் பகுத்து, வாதத்தை ஆசிரியர், மாணாக்கர், உடன்பயில்வோர் முதலிய அழுக்காறற்றவரோடு நிகழ்த்துக என்று அவர்கள் விதித்தனர். இப்பகுப்பு இன்றும் பயனுடையது. ஆயினும் அதன் அடியில் கிடக்கும் ஓர் அநுமானத்தையும் நாம் மறைக்கலாகாது. அந்த உடன்பயில்வோர் யார்? குருவின் வீட்டு வாயிலைத் தாண்ட அநுமதி பெற்றவர் மட்டுமே. அவர்களிடையே சமநிலை முன்னமேயே அமைந்திருந்தது, அல்லது சமநிலை இல்லாதவர்கள் முன்னமேயே விலக்கப்பட்டிருந்தனர். இன்றைய ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. இல்லாதிருப்பதே நியாயமும் ஆகும். பழைய சாஸ்திரம் கிடைத்ததாகக் கொண்ட சமநிலையை இவர் ஒவ்வொரு நாளும் வகுப்பில் உண்டாக்கியாக வேண்டும். வாதத்துக்குரிய நிபந்தனையை உண்டாக்குவதே இங்கு முதல் வேலை. வாதம் பின்னால் வருவது.

மிச்சிகன் அநுபவம்

இவ்வேலையை முறைப்படுத்திச் செய்து பார்த்தவற்றுள் மிகவும் ஆராயப்பட்டது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் ஏற்பாடு. 1980களின் பிற்பகுதியில் அவ்வளாகத்தில் நிறவெறிச் சம்பவங்களும் அவற்றை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியும் எழுந்ததை ஒட்டி, 1988இல் அங்கே குழுக்களுக்கிடையேயான உறவு குறித்த ஒரு பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. இரு வேறு பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்கள் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் ஒரு சிறு குழுவாக அமர்வர். அவ்விரு பிரிவுகளிலிருந்தும் பிரிவுக்கொருவராக இரண்டு நெறியாளர்கள் இருப்பர். வாரந்தோறும் கூட்டம் நிகழும். பட்ரிஷியா குரின், பிரென் நாக்டா, ஹிமேனா சூனிகா ஆகியோர் ஒன்பது பல்கலைக்கழகங்களில் இம்முறையைப் பரிசோதித்து, விண்ணப்பித்தவர்களுள் ஒரு சாராரைக் குலுக்கல் முறையில் சேர்த்தும் மறுசாராரைக் காத்திருக்க வைத்தும் ஒப்பிட்டு, அதன் முடிவுகளை 2013இல் நூலாக வெளியிட்டனர். பிறர் நிலையை உணரும் ஆற்றலும், ஏற்றத்தாழ்வின் காரணங்களைப் பற்றிய தெளிவும் சேர்ந்தவர்களிடம் மிகுந்திருந்தன என்பது அவர்தம் முடிவு.

இம்முறையை அப்படியே நம் கல்லூரிக்குக் கொணர்ந்துவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. அங்கே வந்தவர்கள் விரும்பி விண்ணப்பித்தவர்கள். நம் வணிகவியல் வகுப்பில் இருப்போர் கணக்குப் பதிவியல் கற்க வந்தவர்கள். அங்கே பன்னிரண்டு பதினைந்து பேருக்கு இரண்டு நெறியாளர். இங்கே எழுபது பேருக்கு ஒருவர், அவருக்கும் அந்த மணி முடிந்ததும் அடுத்த வகுப்பு. அன்றியும், சம எண்ணிக்கை என்ற ஏற்பாட்டுக்காக மாணவரின் சாதியை வெளிப்படையாகக் கேட்டுக் குழு அமைப்பது, அமெரிக்காவில் நிறத்தைக் கேட்பதைப் போன்றதன்று. மறைத்துக்கொள்ளும் உரிமையே பாதுகாப்பாக இருக்கும் ஒருவரிடமிருந்து அதனைப் பறிப்பதாகும்.

எனினும் கடல் கடந்து வரத்தக்கது ஒன்று உண்டு. அதுதான் அவர்கள் கையாளும் வரிசை. முதலில் அறிமுகமும் பழக்கமும், அடுத்து தத்தம் வாழ்க்கை அநுபவங்களில் ஒத்ததையும் வேறுபட்டதையும் காணுதல், மூன்றாவதாகவே சூடான பிரச்சினைகள், கடைசியாகச் சேர்ந்து செய்யத்தக்க செயல். நம்மவர் வழக்கம் இதற்கு நேர்மாறானது. ஊரில் ஏதேனும் கொடுமை நிகழ்ந்து பத்திரிகைகளில் வந்த மறுநாள், அதுவரை ஒருவர் பெயரை ஒருவர் சரியாக அறியாத வகுப்பில், “இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று ஆசிரியர் கேட்கிறார். மூன்றாம் படியில் ஏற முயன்று அவர் முதற்படியிலேயே இடறுகிறார். இனி இப்பேச்சே வேண்டாம் என்று வருஷம் முழுதும் ஒதுங்கிவிடுகிறார்.

முதற்படிக்குரிய சாதனம் நம் கல்லூரிகளிலேயே இருக்கிறது என்பது வேடிக்கையான உண்மை. விஞ்ஞானத் துறைகளில் செய்முறை வகுப்புக்கு மாணவரைப் பதிவெண் வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். யாரோடு யார் என்பதை நட்போ சாதியோ ஊரோ தீர்மானிப்பதில்லை. ஒருவர் தராசைப் பிடிக்க மற்றவர் அளவைக் குறிக்க வேண்டியிருக்கிறது. தமிழ், வரலாறு, பொருளாதாரம் முதலிய துறைகளில் இந்த ஏற்பாடு கிடையாது. கருத்தரங்கக் குழு அமைக்கச் சொன்னால், “உங்களுக்குள் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடுகிறோம். அவர்களும் ஏற்கெனவே பிரிந்திருப்பதுபோலவே பிரித்துக்கொள்கிறார்கள். 1971இல் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் நிறவேற்றுமை மோதலாக முற்றியபோது உளவியலறிஞர் எலியட் ஆரன்சன் செய்ததும் பெரும்பாலும் செய்முறை வகுப்பின் ஏற்பாட்டை ஒத்ததே: பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, மற்றவர் துண்டு இல்லாமல் எவரும் முழுப்பாடத்தையும் பெற முடியாதபடி அமைத்தார்.

யார் விலை கொடுப்பது?

இப்போது இக்கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருகிறோம். உரையாடல் எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. பேசுகிறவர் எதையோ பணயம் வைத்தே பேசுகிறார். அந்தப் பணயம் எல்லாருக்கும் ஒரே அளவினதன்று. இடஒதுக்கீடு பற்றிப் பேச்செழும்போது, அதனால் தாம் இடமிழந்ததாக நம்பும் மாணவர் ஓர் அபிப்பிராயத்தை முன்வைக்கிறார். அதன்வழி வந்த மாணவரோ தாம் அங்கே இருப்பதற்கே நியாயம் கூற வேண்டியவராகிறார். வகுப்பிலுள்ள ஒரே முஸ்லிம் மாணவியை நோக்கி, “நீயே சொல்லம்மா, உங்கள் பக்கம் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?” என்று அன்போடு கேட்கும் ஆசிரியர், அறுபது பேர் தலையையும் அவள் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு சமூகத்தின் வழக்கறிஞராக அவளை நியமித்துவிடுகிறார். அவர் கருதியது மரியாதை. அவளுக்குக் கிடைத்தது பாரம்.

சமநிலைக் குறைவு எவ்வளவு நுண்ணிய வழிகளில் வகுப்புக்குள் நுழைகிறது என்பதை ஆசிரியர் பலர் கவனிப்பதில்லை. “எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் தராதவர்கள் மதியத்துக்குள் அலுவலகத்துக்கு வரவும்” என்ற சர்க்குலரும், அதன் கீழுள்ள பெயர்ப் பட்டியலும் பாடத்தின் நடுவே உரக்க வாசிக்கப்படும்போது, மூன்று மாதமாகத் தோழமையில் கலந்திருந்த ஒருவர் அரை நிமிஷத்தில் தனியாக்கப்படுகிறார். மாணவர் மட்டுமா? 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர்களுக்கென வைத்திருந்த நீர்ப்பானையிலிருந்து அவர் அருந்துவதற்குச் சக ஆசிரியர் சிலரே ஆட்சேபித்தனர் என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் குறிப்பிடுகிறார். வகுப்பில் மாணவரின் மதிப்புக்குரியவராயிருந்த ஒருவருக்கு, ஆசிரியர் அறையில் நேர்ந்தது இது.

ஆகவே, உரையாடலின் விலையைக் குறைந்த பலமுடைய மாணவரிடமிருந்து ஆசிரியர் தம் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் கொள்கை. சாட்சி கூறும் வேலையை மாணவரிடம் கேட்காமல் நூலிடம் கேட்கலாம். 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ போன்று சாதிக் கொடுமையைப் பேசும் ஒரு தன்வரலாறு கையில் இருக்கையில், அந்த அநுபவத்தை வகுப்பில் எவரும் சொந்த வாயால் கூறித் தீர வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. கூற விரும்புவோர் கூறலாம். பேசச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிஷம் எல்லாரையும் எழுதச் சொல்வதும், எழுதியதைப் பெயரின்றிக் கலைத்துப் பிறர் வாசிக்கச் செய்வதும் மற்றொரு வழி. அமெரிக்க வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரி ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீண்டு, வழக்கமாகப் பேசாதவரும் பேசுகின்றனர் என்றும் 1970களில் காட்டினார். நம் நாட்டில் இந்தக் காத்திருப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: தமிழ்வழி பயின்று வந்த மாணவர் விடையைத் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் கோத்து எழுப்புவதற்குள் ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தவர் முடித்துவிடுகிறார். “தமிழிலேயே சொல்லுங்கள்” என்ற ஒரு வாக்கியம் பல வகுப்புகளில் பேசுவோரின் எண்ணிக்கையை மாற்றிவிடும். எனினும் ஆங்கிலத் துறைகளில் அதை அபசாரமாகக் கருதுவோர் இன்னும் இருக்கின்றனர்.

அகமதிப்பீட்டையும் மறத்தலாகாது. பல பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 25 மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. அந்த 25ஐக் கையில் வைத்துக்கொண்டு, “என்னோடு தாராளமாக மாறுபடலாம்” என்று கூறுகிறவரை மாணவர் நம்பாமலிருப்பது விவேகமே. எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுவது நன்று.

நடுநிலை என்பது யாது?

ஆசிரியர் தம் கருத்தை வெளியிடலாமா என்பது நெடுநாள் விவாதம். 1967இல் இங்கிலாந்தில் மனிதப் பண்பியற் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கிய லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், சர்ச்சைக்குரிய விஷயங்களில் ஆசிரியர் நடுநிலைத் தலைவராக மட்டுமே அமர வேண்டும் என்றார். இதனை முழுவதும் ஏற்பதற்கில்லை. கருத்துகளுக்கிடையே நடுநிலை வகிக்கலாம். ஒரு மாணவரின் மனித மதிப்பையே மறுக்கும் கூற்றுக்கும் அம்மாணவருக்கும் இடையே நடுநிலை வகிப்பது அந்தக் கூற்றின் பக்கம் சாய்வதேயாகும். டயானா ஹெஸ் என்ற அமெரிக்கக் கல்வியறிஞர் தீர்ந்த வினா, தீராத வினா என்று செய்யும் பாகுபாடு இங்கு உதவுகிறது. தீண்டாமை தகுமா என்பது அரசியலமைப்பின் 17ஆம் விதி தீர்த்துவைத்த வினா. அதனை இரண்டணியாகப் பிரித்துப் பேசவைப்பது குற்றம். பொருளாதார நிலையை அளவாகக் கொண்டு தரும் இடஒதுக்கீட்டிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு ஏழைகளை விலக்கலாமா என்பது தீராத வினா. 2022 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளே அதில் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தனர்.

அத்தீர்ப்பின் இரு பகுதிகளையும் சுருக்கி வகுப்புக்குக் கொடுத்து, ஒவ்வொரு குழுவும் தனக்கு உடன்பாடில்லாத நீதிபதியின் நியாயத்தை, அந்த நீதிபதியே கேட்டால் “ஆம், நான் சொன்னது இதுவே” என்று ஒப்பும்படி எடுத்துரைக்க வேண்டும் என்று பணிக்கலாம். இது நமக்கு அந்நியமான பயிற்சியன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பிறர் மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறிய பின்னரே மறுப்பில் புகுகிறார். அவருக்கு மறுப்பே நோக்கம். நமக்கு வேண்டுவது அவருடைய முதற்பாதி. பிறர் பக்கத்தைப் பழுதின்றிச் சொல்லக் கற்றவர் பிறகு அதனை மறுத்தாலும் குற்றமில்லை. மனமாற்றத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளும் ஆசிரியர் விரைவில் உபதேசியாகிவிடுவார்.

ஸ்தாபனத்தின் பங்கு

ஆல்போர்ட் விதித்த நான்காவது நிபந்தனையாகிய அதிகார ஆதரவு பற்றி நம் கட்டுரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிகள், மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிப்பதையும் அவரை ஒதுக்கீட்டு மாணவர் என முத்திரையிடுவதையும் விலக்கின. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்கும் வழிகளை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. அப்பள்ளிகளிலிருந்து வருபவர்களே நம் முதலாண்டு மாணவர்கள். விதிகளும் அறிக்கைகளும் தீமையைத் தடுக்க வல்லவை. உரையாடலை அவை உண்டாக்கமாட்டா. அதற்குப் பயின்ற ஆசிரியர் வேண்டும். பள்ளி ஆசிரியருக்குக் கற்பித்தல் பயிற்சி கட்டாயம், கல்லூரி ஆசிரியரோ முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் அல்லது முனைவர் பட்டமும் இருந்தால், ஒருநாளும் வகுப்பு நடத்திப் பழகாமலே வகுப்புக்குள் நுழைந்துவிடலாம். பணியில் சேர்ந்தபின் அளிக்கப்படும் புத்தொளி, புத்தாக்கப் பயிற்சிகளில் உரைகளைக் கேட்டுச் சான்றிதழ் பெற்றுத் திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். அவற்றில் இரண்டு நாளையேனும், வெவ்வேறு பின்னணியுடைய ஆசிரியர்களே சிறு குழுக்களாக அமர்ந்து ஒரு தீராத வினாவைப் பேசிப் பார்க்கும் பயிற்சிக்கு ஒதுக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாம் செய்து பாராததை எவரும் மாணவரிடம் கேட்கலாகாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளின் வகுப்புகளில் பெரும்பங்கை இன்று சுமப்பவர்கள், தொகுப்பூதியத்தில், வருஷத்துக்கு 11 மாதச் சம்பளத்தில் வேலைபார்க்கும் கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்பில் சாதியைப் பற்றிப் பேச்செழுந்து, ஒரு பெற்றோரோ ஊர்ப் பிரமுகரோ முதல்வர் அறைக்கு வந்துவிட்டால், நிரந்தரப் பேராசிரியருக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிவது, இவர்களுக்கு அடுத்த கல்வியாண்டின் பிழைப்போடு முடியக்கூடும். மேலே கூறிய முறைகள் அனைத்தும் ஓரளவு துணிவை வேண்டுவன. வரும் ஜூனில் வேலை உண்டா என்பதைக்கூட உறுதிசெய்யாத நிர்வாகம், அந்தத் துணிவை அவர்களிடம் எதிர்பார்க்க உரிமையற்றது.